ஒட்டுக்கட்டிய முண்டு மிளகாயில் நீளக் காய்: விதையே மாறிவிட்டதா?

ராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். மானாவாரிக் கரிசலில் முண்டு மிளகாய் போடும் குடும்பம். மாமியார் காலத்து விதையையே ஆண்டுதோறும் எடுத்துவைத்து விதைக்கிறார்கள். வீட்டுக் கொல்லையில் வைத்த செடிகள் வாடிப் போனதால், காணொளி பார்த்து, நீளக் காய் தரும் சம்பா மிளகாய் நாற்றின் மேல் முண்டு நாற்றை ஒட்டுக்கட்டினார். 24 செடிகள் பிழைத்தன. அவற்றில் 3 செடிகளில் உருண்டைக் காய்க்குப் பதிலாக நீளக் காய் வந்தது. அந்த மூன்றின் பழங்களையும் சேர்த்து விதை எடுத்து மறு ஆண்டு விதைத்தார். 30 செடிகளில் 11 நீளமாகக் காய்த்தன.

“சம்பாவின் குணம் ஒட்டு வழியாக முண்டுவின் விதைக்குள் இறங்கிவிட்டது” என்பது அவருடைய முடிவு. கணவரின் தம்பி, “இது மரபணு மாற்றுப் பயிர். வெளியே சொன்னால் ஊரின் புவிசார் குறியீடே போய்விடும்” என்று பயமுறுத்துகிறார். உறவினர் ஒருவர் காப்புரிமை எடுக்கச் சொல்கிறார். வியாபாரி ஒருவரோ “புது ஒட்டு முண்டு” விதைக்கு 5,000 ரூபாய் முன்பணமே கொடுத்துவிட்டார். விதை உண்மையிலேயே மாறியதா, பழைய விதை கெட்டுவிட்டதா, பதிவு செய்யலாமா, விற்கலாமா என்று கேட்கிறார்.

சகோதரி, ஒட்டுக்கட்டினால் மிளகாயின் மரபு மாறுமா என்று நீங்கள் கேட்பதில் பிழையே இல்லை. மாறியிருக்கிறது, அதுவும் மிளகாயிலேயே, காய் வடிவத்திலேயே. ஆனால் உங்கள் கொல்லையில் நடந்தது அதுதானா என்பது வேறு கேள்வி. உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிய மூன்று வரிகள் வேறு பக்கம் கை காட்டுகின்றன. முதலில் அவற்றைப் பார்த்துவிடுவோம்.

உங்கள் கடிதத்திலேயே இருக்கும் விடை

முதல் வரி: “சம்பா நாற்றில் விதையிலை இரண்டையும் விட்டு, அதற்கு மேலே வெட்டினேன்.” விதையிலைக் கணுவில் இரண்டு மொட்டுகள் உறங்கிக்கொண்டிருக்கும். மேல்நுனியை வெட்டியதும் அவை விழித்துக்கொள்ளும். அங்கிருந்து கிளம்பும் போத்து முழுக்க முழுக்கச் சம்பாதான். அதனால்தான் போத்து வரக்கூடாது என்று நினைக்கும் நாற்றங்கால்காரர்கள் மிளகாய் வேர்ச்செடியை (ஒட்டில் அடியில் நின்று வேர் தரும் செடியை) விதையிலைக்குக் கீழே வெட்டுவார்கள்.

இரண்டாவது வரி: “இரண்டு செடியில் நீளக் காய் எல்லாம் தரையை ஒட்டிய பக்கக் கிளையில்தான் இருந்தது, உச்சியில் உருண்டையாகவே இருந்தது.” இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். ஒட்டு போட்ட இடத்துக்குக் கீழிருந்து புறப்பட்ட கிளையில் சம்பா காய்த்திருக்கிறது. அந்தச் செடிகள் இன்னும் நின்றால், மண்ணைக் கொஞ்சம் விலக்கி, கிளை எங்கிருந்து தொடங்குகிறது என்று விரலால் தடவிப் பாருங்கள். ஒட்டின் தழும்பு சற்றே தடித்த வளையமாகத் தெரியும். கிளை அதற்குக் கீழே பிரிந்தால் அந்த இரண்டு செடிகளின் கதை முடிந்தது.

மூன்றாவது செடியைப் பற்றி, “தை மாதம் முதல் பறிப்பில் கொஞ்சம் நீண்டிருந்தது, பங்குனியில் உருண்டை ஆகிவிட்டது” என்கிறீர்கள். ஒரே செடி, ஒரே கிளை, இரண்டு வடிவம். மரபு மாறியிருந்தால் பங்குனியில் திரும்பி வராது. பூக்கும் நேரத்து இரவுக் குளிர், காய்ச்சுமை, நீர், வேர்ச்செடியின் வீரியம் எல்லாமே காயின் வடிவத்தைச் சற்று இழுத்தும் சுருக்கியும் விடும். ஒட்டுச்செடியில் இது சகஜம், அடுத்த தலைமுறைக்குப் போகாது.

மறு ஆண்டின் 11 நீளக் காய்ச் செடிகளுக்கு வருவோம். போத்துக் கிளையின் பழமும் உச்சிப் பழமும் ஒரே கூடையில் விழுந்து ஒன்றாக விதை எடுக்கப்பட்டன. சம்பாப் பழத்தின் விதை சம்பாவாக முளைப்பதில் வியப்பில்லை. கூடவே அயல் மகரந்தமும் இருக்கிறது. மிளகாயைத் தன்மகரந்தப் பயிர் என்று புத்தகம் சொன்னாலும், தேனீ நடமாட்டத்தைப் பொறுத்து அயல் சேர்க்கை நூற்றுக்குப் பத்துக்கும் கீழே இருந்து தொண்ணூறு வரை போகும். ஒட்டு பிடிக்காத சம்பா நாற்றுகளை வீணாக்க மனமில்லாமல் வேலியோரம் நட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

இங்கே பலரும் தடுமாறும் ஓர் இடம் உண்டு. சம்பா மகரந்தம் முண்டுப் பூவில் விழுந்தாலும் அந்தக் காய் உருண்டையாகவே இருக்கும். காயின் சதை தாய்ச்செடியுடையது, கலப்பு விதைக்குள் மட்டும்தான். எனவே முதல் ஆண்டு நீளக் காய்க்கு மகரந்தம் காரணமில்லை. இரண்டாம் ஆண்டுச் செடிகளுக்கு அது காரணமாக இருக்கலாம்.

அப்படியானால் ஒட்டு மரபை மாற்றுவதே இல்லையா?

மாற்றும், ஆனால் அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. ஜப்பானில் யாகிஷிட்டா என்ற ஆய்வாளர் கொத்தாக, வானம் பார்த்துக் காய்க்கும் ‘யாட்சுபுசா’ மிளகாயை வேர்ச்செடியாக வைத்து, அதன் மேல் வேறு மிளகாயை ஒட்டி, மேல்தண்டின் வாரிசுகளில் காய் வடிவம் மாறியதை 1961-ல் வெளியிட்டார். ஹிராட்டா, டாலர் என்ற ஆய்வாளர்கள் அந்த வழியில் தொடர்ந்து, 1998-ல் பல குணங்கள் தலைமுறை தாண்டிப் போவதைக் காட்டினார்கள். கிரேக்க நாட்டு ஆய்வாளர்கள் 2013-ல் உருண்டைக்காய் ரகத்தையும் நீளக்காய் ரகத்தையும் ஒட்டிப் பார்த்து, வடிவ மாற்றம் வாரிசுகளிலும் தொடர்வதாக எழுதினார்கள். கிட்டத்தட்ட உங்கள் முண்டு-சம்பா சோடிதான்.

ஜப்பானியர் செய்த ஒட்டு, நாம் நாற்றங்காலில் செய்யும் ஒட்டு அல்ல. நம் முறையில் வேர்ச்செடிக்கு இலையே இருக்காது. மேல்தண்டின் இலை உணவு தயாரித்துக் கீழே வேருக்கு அனுப்பும். அவர்கள் இதைத் தலைகீழாக்கினார்கள். வேர்ச்செடியைப் பெரிதாக வளர்த்து அதன் இலைகளை அப்படியே விட்டார்கள். மிக இளம் நாற்றை மேல்தண்டாக ஒட்டி, அதில் துளிர்க்கும் இலைகளைக் கிள்ளிக்கொண்டே வந்தார்கள். மேல்தண்டு தானாகச் சாப்பிட வழியில்லாமல், பூ மொட்டு வரை வேர்ச்செடி ஊட்டியதை மட்டுமே உண்டு வளரும். செவிலித்தாய் வைத்து வளர்ப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். உணவோடு சேர்ந்து வேறு சரக்கும் அந்த வழியில் ஏறுகிறது என்பதுதான் விஷயம்.

அந்தச் சரக்கு என்ன? ஒன்று, சிறு ஆர்.என்.ஏ. துணுக்குகள். இவை உணவுக்குழாய் வழியே ஒட்டைத் தாண்டிப் போய், எதிர்ப்பக்கச் செல்லின் டி.என்.ஏ. மேல் உள்ள மெத்தில் குறிகளை மாற்றும் என்பதை 2010-ல் கடுகுக் குடும்பத்துச் சிறு செடியான அராபிடாப்சிஸில் காட்டினார்கள். மரபின் எழுத்து மாறாது, எந்தப் பக்கத்தைத் திறப்பது, எதை மூடுவது என்ற குறி மாறும். தக்காளி, கத்தரி, மிளகாய் ஆகியவற்றை ஒன்றின் மேல் ஒன்று ஒட்டியபோது இந்தக் குறிகள் மாறி, சில வாரிசுகளுக்கும் போயின என்று 2013-ல் ஓர் ஆய்வு வந்தது.

இன்னொன்று, டி.என்.ஏ.வே நகர்வது. ஜெர்மனியில் ஸ்டெகமனும் போக்கும் 2009-ல் புகையிலையில் பசுங்கணிகத்தின் (செல்லுக்குள் பச்சையம் இருக்கும் உறுப்பின்) மரபுப் பொருள் ஒட்டு எல்லையைத் தாண்டுவதைக் கண்டார்கள். ஆனால் அது ஒட்டுத் தழும்பை ஒட்டிய செல்களோடு நின்றுவிட்டது. அந்தத் தழும்புத் திசுவிலிருந்தே புதுத் துளிர் எடுத்தால்தான் விதைக்குப் போகும். ஒரு முழம் மேலே உள்ள பூவுக்கு அது தானாக ஏறிப் போவதில்லை.

இந்தத் துறையை விஞ்ஞானிகள் வெகு காலம் தீண்டாமல் வைத்திருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சோவியத் நாட்டில் லைசென்கோ என்ற வேளாண் ஆய்வாளர் கோலோச்சிய காலத்தில் “ஒட்டுக் கலப்பினம்” என்ற பெயரில் சரியான ஒப்பீடு இல்லாமல் ஏராளமாகச் சொல்லிவிட்டார்கள். அந்தச் சந்தேகம் இன்றும் முழுதாகத் தீரவில்லை. கலப்பு மகரந்தம், போத்து, விதைக் கலப்பு மூன்றையும் தள்ளிவிட்டோம் என்று காட்டாத எந்த முடிவையும் யாரும் ஏற்கமாட்டார்கள், உங்களுடையதையும் சேர்த்து.

கொழுந்தனாரிடம் சொல்லுங்கள்: ஒட்டுக்கட்டுவது மரபணு மாற்றுப் பயிர் ஆகாது. அந்த விதிகள் ஆய்வகத்தில் மரபணுவை எடுத்துச் செருகுவதற்கானவை. மாவும் சப்போட்டாவும் ஒட்டித்தானே ஊரெல்லாம் நிற்கின்றன?

நிச்சயமாகத் தெரிந்துகொள்ள ஒரு சோதனை

ஆர்வம் இருந்தால் செய்யுங்கள். கட்டாயமில்லை. ஒரு பட்டம் ஒட்டுக்கு, அடுத்த பட்டம் வாரிசுக்கு, ஆக இரண்டு ஆண்டு பிடிக்கும்.

ஒரே முண்டுச் செடியின், அயல் மகரந்தம் படாமல் பூவை மூடிக் காய்க்க வைத்த பழங்களின் விதையிலிருந்து தொடங்குங்கள். மூன்று வகையில் தலா 15 செடி வேண்டும்: ஒட்டாத முண்டு, முண்டுவின் மேலேயே முண்டு, சம்பாவின் மேல் முண்டு. நடுவில் உள்ளதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். வெட்டுக்காயத்தால் மட்டும் வரும் மாற்றத்தைப் பிரித்துக் காட்ட அது இல்லாமல் முடியாது.

• வெட்டு: தண்டு 2 மி.மீ. தடிமன் வந்ததும், விதையிலைக்குக் கீழே 45 பாகைச் சாய்வில் வெட்டி, அதே சாய்வில் வெட்டிய மேல்தண்டைப் பொருத்திக் கிளிப் போடுங்கள். இரண்டு தண்டும் ஒரே பருமன் இருக்க வேண்டும். பருமன் பொருந்தாத ஒட்டுதான் முதலில் சாயும். மிளகாய் ஒட்டு தக்காளியைவிட மெதுவாகவே கூடும். நிழலில், பிளாஸ்டிக் தாள் மூடி, 25 முதல் 28 பாகை செல்சியஸில், உள்ளே பனிபடரும் ஈரத்தில் 5 முதல் 7 நாள் வையுங்கள். பிறகு தாளைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பழக்குங்கள். ஒரேயடியாகத் திறந்தால் மாலைக்குள் துவண்டுவிடும்.

• பிளேடு: ஒரு செடியின் தேமல் வைரஸ் பிளேடு வழியே அத்தனை செடிக்கும் போகும். தேமலால் சுருங்கிக் கோணலான காயை மரபு மாற்றம் என்று நினைத்துவிட வாய்ப்பு உண்டு. டிரைசோடியம் பாஸ்பேட் 100 கிராமை ஒரு லிட்டர் நீரில் கரைத்து, கையுறை போட்டு, ஒவ்வொரு செடிக்கும் முன் பிளேடை முக்குங்கள். விதையையும் இதே கரைசலில் அரை மணி ஊறவைத்து, நல்ல நீரில் பலமுறை அலசி விதைக்கலாம். இலைப்பேனும் வெள்ளை ஈயும் கொண்டுவரும் முரணையை (இலைச் சுருட்டலை) இது தடுக்காது.

• போத்து: வாரம் ஒருமுறை ஒட்டுக்குக் கீழே பார்த்து, துளிர்த்ததைக் கிள்ளிவிடுங்கள். ஒட்டுத் தழும்பை மண்ணுக்குள் புதைக்காதீர்கள்.

• மகரந்தக் காவல்: பூ விரிவதற்கு முந்தின நாள் மாலை மொட்டு வெள்ளையாகப் பருத்து நிற்கும். அப்போதே மெல்லிய வேட்டித் துணிப் பை மாட்டி, காம்பில் வண்ண நூல் கட்டுங்கள். காய் பிடித்து இதழ் உதிர்ந்ததும் பையை எடுக்கலாம், நூல் இருக்கட்டும். ஒவ்வொரு பூவாகப் பை மாட்டுவது சலிப்பான வேலை. குச்சி நட்டு 40 கண்ணி நைலான் வலையைக் கூண்டாகப் போர்த்தி, தினமும் காலை பத்து மணி வாக்கில் செடியை லேசாகக் குலுக்கிவிட்டால் கூண்டுக்குள்ளேயே காய் பிடிக்கும். ஒவ்வொரு வகைக்கும் தனிக் கூண்டு.

நூல் கட்டிய பழத்திலிருந்து மட்டும், செடி வாரியாகத் தனி உறையில் விதை எடுங்கள். மறு பட்டத்தில் ஒவ்வொரு வகைக்கும் 40 செடி, 60-க்கு 45 செ.மீ. இடைவெளி. மொத்தம் 120 செடிக்கு ஒரு சென்ட் நிலமே போதும். ஒவ்வொரு செடியிலும் இரண்டாம் பறிப்பில் 10 பழங்களின் நீளத்தையும் அகலத்தையும் அளந்து, நீளத்தை அகலத்தால் வகுத்து எழுதுங்கள். முண்டுவுக்கு அந்த எண் ஒன்றை ஒட்டி நிற்கும், சம்பாவுக்குப் பல மடங்கு வரும்.

முடிவை வாசிப்பது இப்படி. நீளக்காய்ச் செடி இலை, உயரம், காரம் எல்லாவற்றிலும் அச்சு அசல் சம்பாவாக இருந்தால் அது போத்து விதை. இரண்டுக்கும் இடைப்பட்டு நின்று, அதன் விதையை மறுபடி போடும்போது உருண்டை, நீளம், நடுத்தரம் என்று சிதறினால் அயல் மகரந்தம். மூடிய பூவின் விதையிலிருந்து, சம்பாவின் மேல் ஒட்டிய வகையில் மட்டும், முண்டுவின் மற்ற குணங்கள் மாறாமல் காய் வடிவம் நகர்ந்திருந்தால், அப்போது கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் பயிர் இனப்பெருக்கத் துறைக்கு உறைகளோடும் குறிப்பேட்டோடும் போகலாம். என் கணிப்பைக் கேட்டால், இலையில்லாத வேர்ச்செடியில் அது வருவது அபூர்வம்.

வாடல் நோய்க்காகத்தான் ஒட்டுக்கட்டத் தொடங்கினீர்கள் என்பதையும் மறந்துவிட வேண்டாம். சம்பா வேருக்கு வாடலைத் தாங்கும் தனிப் பெருமை ஏதுமில்லை. கத்தரிக்குச் சுண்டைக்காய் வேர் கொடுப்பதைப் பார்த்து மிளகாய்க்கும் அதையே முயல்கிறவர்கள் உண்டு. பிடித்ததுபோல் தெரிந்து, பாதியில் காய்ந்துவிடும். மிளகாய்க்கு மிளகாய் வேர்தான். அதிலும் வாடலையோ வேர்முடிச்சு நூற்புழுவையோ தாங்கும் என்று சோதித்த வேர்ச்செடியாக இருக்க வேண்டும்.

பதிவு, பெயர், விற்பனை

காப்புரிமை கிடைக்காது. 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3(ஜே) பிரிவு செடி, விதை, ரகம் எல்லாவற்றையும் விலக்கிவிட்டது. உங்களுக்கான வாசல், தாவர ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், 2001. இதில் உழவர் ரகமாகப் பதிய, ரகம் மற்றவற்றிலிருந்து வேறுபட்டும், செடிக்குச் செடி ஒரே சீராகவும், தலைமுறைதோறும் நிலையாகவும் இருக்க வேண்டும். உழவருக்குக் கட்டணம் இல்லை. ஊராட்சிப் பல்லுயிர் மேலாண்மைக் குழுவோ மாவட்ட வேளாண் அலுவலரோ சான்றொப்பம் இட்டால் போதும். ஆனால் 30-ல் 11 நீளம், 19 உருண்டை என்று நிற்கும் விதையைக் கொண்டு போனால் சீர்மைச் சோதனையிலேயே விழுந்துவிடும். மூடிக் காய்க்க வைத்து ஆறு, ஏழு தலைமுறை தேர்ந்தெடுத்த பிறகு பேசவேண்டிய பேச்சு அது. மாறாத மாமியார் விதைக்கு இருக்கும் தகுதி இந்தக் கலவைக்கு இல்லை.

ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. உங்கள் கொல்லைச் செடியால் அது பறிபோகாது. ஆனால் நீளக் காயை முண்டு என்று சொல்லிச் சந்தைக்கு அனுப்பினால் சிக்கல் உங்களுக்குத்தான். சம்பா வேரின் மேல் நிற்கும் முண்டுச் செடியின் உருண்டைக் காய் முண்டுதான், வேர் மாறியதால் காயின் இனம் மாறாது. குறியீட்டை மூட்டையில் அச்சிட்டு விற்க, அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பெயர் பதிந்திருக்க வேண்டும்.

விதை கொடுப்பதில் உங்கள் உரிமை பெரிது. மேற்சொன்ன 2001 சட்டத்தின் 39-ஆம் பிரிவு, விதையைச் சேமிக்க, விதைக்க, மாற்றிக்கொள்ள, பகிர, விற்க உழவருக்கு உரிமை தருகிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தைப் பெயரிட்ட பையில் போட்டு விற்பது மட்டும் கூடாது. உங்கள் வீட்டில் விளைந்ததை உங்கள் இடத்திலேயே, விதைக்கப் போகிறவருக்கு நேராகக் கொடுப்பதை 1966-ஆம் ஆண்டு விதைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவும் தொடவில்லை. வியாபாரி வேறு கதை. அவர் அதைப் பை போட்டுக் கடையில் விற்க உரிமம் வேண்டும். “புது ஒட்டு முண்டு” என்ற பெயரில் பத்து ஊரில் கலப்பு விதை முளைத்தால், முதலில் வரும் பெயர் உங்களுடையது. அந்த 5,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கொடுத்ததற்கு ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய விதை கெட்டதா என்ற கேள்வி மீதி இருக்கிறது. கொல்லை வேறு, கரிசல் வேறு. கொல்லைச் சம்பாவிலிருந்து உங்கள் கரிசல் அரை கிலோமீட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். சான்று விதை மிளகாய்க்கே 200 மீட்டர் இடைவெளிதான் கேட்கிறார்கள், அதை எடுக்கப் பயன்படும் ஆதார விதைக்கு 400. அந்த விதை பத்திரம். கொல்லையில் எடுத்த விதை அத்தனையையும், உருண்டைப் பழத்தின் விதை உட்பட, தனியாகக் கட்டி “கலப்பு” என்று எழுதி வையுங்கள். முண்டு விதையோடு சேரவே கூடாது.

ஒட்டுக்கு முந்தின ஆண்டு எடுத்து, தகர டப்பாவில் மிச்சம் இருப்பதாகச் சொன்ன மாமியார் விதைதான் இப்போது கவனிக்க வேண்டியது. மூன்று வயது ஆகப்போகிறது, மிளகாய் விதை சாதாரண வீட்டுச் சூட்டில் அதற்கு மேல் வேகமாக முளைப்பை இழக்கும். புரட்டாசி விதைப்புக்குக் காத்திருக்காமல் இந்த வாரமே 100 விதையை எண்ணி, ஈரத்தாளில் சுருட்டி, 14-ஆம் நாள் முளைத்ததை எண்ணுங்கள். 60-க்கு மேல் இருந்தால் வழக்கமான அளவு விதைக்கலாம். குறைந்தால், இருக்கும் விதை முழுவதையும் குழித்தட்டில் போட்டு, பிழைத்த நாற்றுகளைக் கொல்லையில் அல்ல, கரிசலின் நடுவில் நட்டு, அந்த ஆண்டுப் பழத்தை வத்தலுக்கு விடாமல் விதைக்கே எடுத்துவிடுங்கள்.